முதல் மணியிலேயே எடுப்பவர்

எங்களுக்கு ஏதாவது ஒன்று ஆகிவிட்டால் முதலில் இந்த அக்காவைக் கூப்பிடுங்கள் என்று பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் ஒரு முப்பது நாற்பது பேராவது எங்கெங்கோ எழுதிக் கொடுத்திருந்தார்கள். கல்லூரி விடுதியில், வேலையிடத்தில், பல் கிளினிக்கில், பாலர் பள்ளியில். எந்தப் படிவமாக இருந்தாலும் கடைசியில் 'அவசரத் தொடர்பு' என்று ஒரு கட்டம் இருக்கும். ஊரைவிட்டு வந்து இங்கே அறை எடுத்துத் தங்கியிருப்பவர்களுக்கு அந்தக் கட்டம் வந்ததும் பேனா நின்றுவிடும். துணி துவைக்க வந்த இடத்தில் அப்படி யாராவது முழித்துக்கொண்டிருந்தால், அக்கா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுச் சொல்வார்.

"என் நம்பர போடு லா. யாராச்சும் போன் அடிச்சா நான் எடுக்கிறேன்."

அவர் பெயர் அந்தப் படிவங்களில் எல்லாம் இருக்கிறது. இங்கே வேண்டாம். எங்கள் வரிசைக் கடைக்காரர்களுக்கு அவர் டோபி அக்கா. காசு போட்டால் இயந்திரமே துவைத்துக் கொடுக்கும் டோபிக் கடையில் தரை துடைப்பது, துணி மடிப்பது, கேட்டவர்களுக்கு இஸ்திரி போட்டுத் தருவது அவர் வேலை. பக்கத்துக் கடை என்னுடையது. கைப்பேசி பழுதுபார்க்கிறேன். இரண்டு கடைக்கும் நடுவில் ஒரு பலகைச் சுவர்தான். அவர் போனில் பேசுவது ஒரு சொல் விடாமல் எனக்குக் கேட்கும். பன்னிரண்டு வருடம் கேட்டிருக்கிறேன்.

அவர் போன் எடுக்கும் விதமே தனி. இரண்டாவது மணி அடிக்க விடமாட்டார். கை ஈரமாக இருந்தாலும் ஏப்ரன் பையிலிருந்து உருவி எடுத்து, "ஆமா, நான்தான். சொல்லுங்க" என்பார். எதிர்முனையில் இருப்பவர் யார், யாரைத் தேடுகிறார் என்று ஒன்றும் தெரியாமலே நான்தான் என்று ஒப்புக்கொள்கிற மனுஷியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. "மொதல்ல யாருன்னு கேளுங்கக்கா" என்று பலகையைத் தட்டிக் கத்துவேன். "யாரா இருந்தா என்னா தம்பி, என்னைத்தான கூப்பிட்டாங்க" என்று அந்தப் பக்கத்திலிருந்து பதில் வரும்.

படிவத்தில் 'உறவு' என்று இன்னொரு கட்டமும் உண்டு. சித்தியவானிலிருந்து படிக்க வந்த பெண்ணுக்கு அவர் பெரியம்மா. உணவுக்கடையில் வேலை பார்த்த இரண்டு பேருக்கு அத்தை. பக்கத்துக் கொண்டோ அடுக்குமாடியில் காவலுக்கு நின்ற நேப்பாளக்காரர் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து காலை ஒடித்துக்கொண்டபோது போலீஸ் அக்காவைத்தான் அழைத்தது. அந்த மனிதரின் மொழி அக்காவுக்குத் தெரியாது. அரைகுறை மலாயில் இருவரும் பேசிக்கொள்வார்கள், அதுவும் சட்டைக் கஞ்சியைப் பற்றி. அன்றைக்கு ஆஸ்பத்திரியில் போய் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தார். நோயாளிக்கு நீங்கள் என்ன உறவு என்று ஒரு தாளைக் கொடுத்துக் கேட்டார்களாம். யோசித்துவிட்டு 'டோபி' என்று எழுதிக் கொடுத்தேன் என்றார். நான் வயிறு வலிக்கச் சிரித்தேன்.

"சிரிக்காத. பின்ன என்னான்னு எழுதுறது? பொய்யா எழுத முடியும்?"

ஒல்லியான உடம்பு. ஆண்கள் கட்டும் பெரிய கைக்கடிகாரத்தை முகம் உள்பக்கம் இருக்கும்படி கட்டியிருப்பார். துவைக்கச் சொல்லி விட்டுப்போன துணிகளை இயந்திரத்தில் போடுவதற்கு முன் ஒவ்வொரு பையையும் உள்ளே வெளியே திருப்பிப் பார்ப்பார். கிடைத்ததெல்லாம் மேசைமேல் இருக்கும் பிஸ்கட் டின்னுக்குள் போகும். சாவி, மாத்திரை, கோயில் விபூதிப் பொட்டலம், ஒரு தடவை ஒரு முழுப் பல் செட். அந்தப் பல் செட்டின் சொந்தக்காரர் வந்து கேட்கக் கூச்சப்பட்டு மூன்று நாள் எங்கள் கடைகளுக்கு முன்னால் நடந்துகொண்டிருந்ததையும், அக்கா அதைத் துணிக்குள் மடித்து வைத்து ஒன்றும் தெரியாதவர்போல் அவர் கையில் கொடுத்ததையும் நான் பார்த்தேன்.

தீபாவளி அன்றும் வேலைக்கு வருவார். நான் திட்டியிருக்கிறேன். "இன்னிக்கித் தொவைக்க வர்றவன் யாரு? தனியா இருக்கிறவன்தான். அவனுக்கு யாரு இருக்கா" என்றார் ஒருமுறை. சாயங்காலம் கொமுட்டர் ரயில் ஏறிச் செந்தூலுக்குப் போவார். அங்கே அடுக்குமாடியில் ஓர் அறை. அந்தப் பன்னிரண்டு வருடத்தில் அவருக்கென்று ஓர் அழைப்பு வந்து நான் கேட்டதில்லை. வந்ததெல்லாம் மற்றவர்களுக்காக.

எனக்கும் அவருக்கும் இருந்த ஒரே சண்டை இதைப் பற்றித்தான். என் கடைக் கண்ணாடியில் கொட்டை எழுத்தில் ஒட்டியிருக்கிறேன்: 'தெரியாத எண்ணை எடுக்காதீர்கள்.' சும்மா ஒட்டவில்லை. கோர்ட்டிலிருந்து பேசுகிறேன், வங்கியிலிருந்து பேசுகிறேன் என்று எவனோ சொன்னதை நம்பி ஆயுள் சேமிப்பை விட்டுவிட்டு என் மேசைக்கு முன்னால் நின்று அழுதவர்கள் உண்டு. அதனால் பழுதுபார்க்க வரும் ஒவ்வொரு போனிலும் கேட்காமலே ஒரு தடுப்புச் செயலியைப் போட்டுக் கொடுப்பேன். இந்த வட்டாரத்தில் மோசடிக்காரனிடமிருந்து பாதி ஜனத்தைக் காப்பாற்றியவன் நான்தான் என்று ஒரு திமிர் எனக்கு இருந்தது. மறைக்க என்ன இருக்கிறது.

அக்காவுக்கும் அப்படி ஒருவன் அடித்தான். உங்கள் பெயரில் வழக்கு இருக்கிறது, இப்போதே பிடித்து உள்ளே போட்டுவிடுவோம் என்று மலாயில் மிரட்டினான். "அப்படியா துவான், நான் ஒன்னும் பண்ணலையே" என்று அக்கா அவனுக்கு ஐயா போட்டுப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் ஓடிப்போய் வெட்டு வெட்டு என்று கையால் காட்டினேன். அவர் என்னைப் பார்த்துச் சும்மா இரு என்பதுபோல் தலையசைத்தார். அரை மணி நேரம் ஆயிற்று. கடைசியில் அவர் அவனிடம், உங்களுக்குத் தொண்டை கட்டியிருக்கிறது, சுடுதண்ணியில் உப்புப் போட்டுக் கொப்பளியுங்கள் என்று சொல்ல, அவனே போனை வைத்துவிட்டான்.

"பாவம், காலையிலேர்ந்து பேசறான் போல" என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "பத்துப் பேர் அடிச்சா ஒம்போது பேரு கள்ளப்பயக்கா!" என்றேன்.

"சரி. மிச்சம் ஒருத்தன்?"

"அவன் மெசேஜ் அனுப்புவான். அவசரம்னா எப்படியாச்சும் புடிப்பான்."

"எப்படிப் புடிப்பான்?" என்று கேட்டுவிட்டு அவர் துணி மடிக்கப் போய்விட்டார். என் கையால் அவர் போனில் அந்தச் செயலியை மட்டும் போடவே விடவில்லை.

காலையில் நாங்கள் இருவரும் கோடிக் கடையில் ஒன்றாகப் பசியாறுவோம். ஒருநாள் அவர் தன் தோசையில் பாதியை என் தட்டில் தள்ளிவிட்டு, "தம்பி, கொடல்ல கட்டியாம்" என்றார். மூன்றாம் நம்பர் டிரையர் சூடாகவில்லை என்று சொல்லும் அதே குரல். எனக்குச் சட்டென்று புரியவில்லை. புற்றுநோய்தான் என்று பரிசோதனையில் தெரிந்துவிட்டது, வெட்டி எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார் என்பதெல்லாம் ஒவ்வொன்றாக நான் கேட்டுக் கேட்டு வாங்கியவை. மலத்தில் ரத்தம் போவதை ஆறு மாதம் மூலம் என்று நினைத்து மருந்துக் கடைக் களிம்பு தடவியிருக்கிறார். அந்த ஆறு மாதம் அவர் தொலைத்தது. பிறகு தொலைந்த நாட்களை யார் யார் கணக்கில் சேர்ப்பது என்றுதான் நான் இன்றுவரை மண்டையைக் குடைந்துகொண்டிருக்கிறேன்.

அரசாங்க ஆஸ்பத்திரி. அறுவைக்கு எட்டு வாரம் கழித்துத் தேதி கொடுத்தார்கள். அவர்களைச் சொல்லிப் பயனில்லை, வரிசை அப்படி. கட்டி இப்போதைக்குக் குடலோடு நிற்கிறது, வேறெங்கும் போகவில்லை, சீக்கிரம் எடுத்துவிட்டால் நல்லது என்று டாக்டர் சொன்னாராம். இன்னொன்றும் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். தேதி கிடைத்த யாராவது காய்ச்சலென்று வராமல் போனால் அந்த இடம் காலியாகும். உடனே கூப்பிடுவோம், அன்றே வந்து படுக்க வேண்டியிருக்கும், போனைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். இதை அக்கா என்னிடம் சொல்லவில்லை.

சொல்லாத இன்னொரு விஷயமும் உண்டு. ஆஸ்பத்திரிப் படிவத்திலும் அந்த அவசரத் தொடர்புக் கட்டம் இருந்திருக்கிறது. கிள்ளானில் அவருக்குக் கூடப் பிறந்த தம்பி ஒருவர் இருந்தார். அவர் எண்ணைப் போட்டால் பெண்டாட்டிதான் எடுப்பாள், எடுத்ததும் வைத்துவிடுவாள் என்று பிறகு ஒருநாள் சொன்னார். தம்பி எண்ணை எழுதாமல், அக்கா என் எண்ணை எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருந்தார். பன்னிரண்டு வருடம் எல்லோருக்கும் எண் கொடுத்தவருக்கு என்னிடம் ஒரு வார்த்தை கேட்கக் கூச்சமாக இருந்ததோ என்னவோ.

மூன்றாவது வாரம் அது நடந்தது. ஊரில் உள்ளவர்கள் பையையெல்லாம் திருப்பிப் பார்க்கிற அக்கா, தன் ஏப்ரனை அப்படியே இயந்திரத்தில் போட்டுவிட்டார். பைக்குள் அவர் போன் இருந்தது. அந்த நாட்களில் அவருக்கு ரத்தம் குறைந்து நடக்கும்போதே மூச்சு வாங்கியது. சொட்டச் சொட்ட போனைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். உள்ளே ஒரு பாகம் மாற்ற வேண்டும், வாங்கி வரச் சொல்லியிருக்கிறேன், இரண்டு நாள் ஆகும் என்றேன்.

"சிம் நல்லாத்தான இருக்கு? வேற ஒரு போன்ல போட்டுக் குடேன் தம்பி. ஆஸ்பத்திரியில கூப்பிட்டாலும் கூப்பிடுவாங்க."

என் டிராயரில் அப்போது நான்கு ஸ்பேர் போன்கள் இருந்தன. வாடிக்கைக்காரர்களுக்கு நான் தருவது வழக்கம்தான். அக்காவின் முகத்தைப் பார்த்தேன். வெளிறிப்போயிருந்தது. இந்த மனுஷிக்கு உடம்பு முடியாத நேரத்திலும் ஊரில் எவனாவது அடித்துக்கொண்டே இருப்பான், இவரும் எடுத்து நான்தான் நான்தான் என்பார் என்று நினைத்தேன்.

"ஒங்களுக்குத்தான் தேதி குடுத்தாச்சுல்ல? எடையில எவன் கூப்பிடப் போறான்? ரெண்டு நாளு போன் இல்லாம நிம்மதியா இருங்க. இதுவும் ஒரு மருந்துதான்" என்றேன்.

நல்லதுதான் செய்கிறேன் என்று நம்பினேன். அவர் இன்னொரு தடவை கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். அக்கா எதையும் இரண்டு தடவை கேட்கிறவர் இல்லை.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு மேல், அக்காவின் போனைத் திறந்து போட்டு உள்ளே சுத்தம் செய்துகொண்டிருந்தேன். என் போன் அடித்தது. சைபர் மூன்றில் தொடங்கும் தெரியாத லேண்ட்லைன் எண். வெட்டினேன். கொஞ்ச நேரத்தில் மறுபடியும். மறுபடியும் வெட்டினேன். மூன்றாவது முறை அடித்தபோது, உனக்கு வேறு வேலை இல்லையா என்று வாய்விட்டுத் திட்டி, அந்த எண்ணையே பிளாக் பண்ணிவிட்டு தூரிகையால் தூசியைத் தட்டத் தொடங்கினேன். அக்காவுக்கென்றே ஒருவர் தேடிப்பிடித்து அடித்த அழைப்பு அது. அவருடைய போன் என் கைக்குக் கீழே செத்துக் கிடந்தது, அவர் எழுதிக் கொடுத்த மற்ற எண் என் பையில் அடித்தது.

அதோடு நின்றிருந்தாலாவது தேவலை. பதினொரு மணிக்கு அக்கா தேநீர் வாங்கிக்கொண்டு வந்தார். நான் பெருமையாக ஆரம்பித்தேன்.

"இன்னிக்கி ஒருத்தன் மூணு தடவ அடிச்சான்க்கா. விடாக்கண்டன். ஒரே அமுக்கு, பிளாக்."

"எடுத்திருக்கலாம்ல தம்பி. யாருக்கு என்னவோ."

"ஆரம்பிச்சிட்டீங்களா?" என்று நான் சிரித்தேன். அவரும் கொஞ்சம் சிரித்தார். தேநீரை ஊதி ஊதிக் குடித்துவிட்டுப் போனார்.

எட்டு வாரம் முடிந்தது. ஆஸ்பத்திரிக்கு நான்தான் காரில் கூட்டிப்போனேன். கொமுட்டரில் போய்க்கொள்கிறேன் என்று ஒரே பிடிவாதம், நான் பையைப் பிடுங்கிக்கொண்டேன். வார்டில் அக்கா உடை மாற்றப் போயிருந்தபோது வார்டு மிஸ்ஸி, அதாவது நர்ஸ், கோப்பைப் புரட்டினாள். நம் தமிழ்ப் பிள்ளைதான், சின்ன வயது.

"அண்ணே, இது ஒங்க நம்பர்தானே? அவசரத்துக்கு இதத்தான் குடுத்திருக்காங்க." எண்ணைப் படித்தாள். என்னுடையதுதான்.

"ஆமா."

"போன மாசமே ஒரு எடம் காலியாச்சு. அவங்க போன் ஆப். ஒங்களுக்கு மூணு தடவ அடிச்சிருக்காங்க, எழுதியிருக்கு பாருங்க. நீங்க எடுக்கல."

அவள் குறை சொல்லவில்லை. எழுதியிருந்ததைப் படித்தாள், அவ்வளவுதான். நான் வெளியே வந்து நடைபாதையில் நின்று என் போனில் தடுக்கப்பட்ட எண்களின் பட்டியலைத் திறந்தேன். நூற்றுக்கும் மேல் இருந்தன. தள்ளித் தள்ளிப் போனேன். அந்த எண் இருந்தது, அன்று காலை அது அடித்த நேரங்களோடு. ஒன்பது பன்னிரண்டு, ஒன்பது இருபது, ஒன்பது நாற்பத்தொன்று. அந்த எண்ணின் தடையை எடுத்துவிட்டேன். எடுத்து இனி என்ன.

அன்றைக்கும் அறுவை நடக்கவில்லை. காலையிலிருந்து பச்சைத் தண்ணி பல்லில் படாமல் படுத்திருந்தார். நெடுஞ்சாலையில் பெரிய விபத்து, அடிபட்டவர்களை அடுத்தடுத்துக் கொண்டுவந்தார்கள், ஆபரேஷன் தியேட்டர் அவர்களுக்குப் போயிற்று. சாயங்காலம் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். "அவங்க உசுருக்கு ஊசலாடறாங்க, நான் நடந்து வந்தேன், நடந்து போறேன்" என்றார் காரில். அடுத்த தேதியில் அறுவை அறையில் ஏர்கோன் கெட்டுப்போனது. அதற்கடுத்த தேதியில்தான் வயிற்றைத் திறந்தார்கள். மூன்று மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஈரலிலும் வயிற்றுச் சுவரிலும் பரவியிருந்தது. கட்டியை எடுக்கவில்லை. குடல் அடைப்புக்கு மட்டும் வழி செய்து, மலம் போக வயிற்றில் ஒரு பையை மாட்டித் தைத்துவிட்டார்கள்.

டாக்டர் ஒரு சீனப் பெண். கண்ணுக்குக் கீழே கறுப்பு. நான் அவரை வழிமறித்துக் கேட்டேன். முதலில் கூப்பிட்டபோதே, அந்த மூன்றாவது வாரத்திலேயே செய்திருந்தால்?

"அப்படிச் சொல்ல முடியாது அங்கிள்" என்று மலாயில் சொன்னார். "சீக்கிரம் செய்வது எப்போதும் நல்லது. தள்ளத் தள்ள வாய்ப்புக் குறையும். ஆனால் இவருக்கு எவ்வளவு குறைந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. ஒருவேளை அப்போதே பரவத் தொடங்கியிருக்கலாம். இல்லாமலும் இருந்திருக்கலாம்."

நான் தலையாட்டினேன். என்னால்தான் என்று அவர் சொல்லியிருந்தால் அழுதிருப்பேன். உன்னால் இல்லை என்றிருந்தால் தூங்கியிருப்பேன். இரண்டும் கிடைக்கவில்லை.

வார்டில் அக்காவைப் பார்க்க வந்தவர்கள் குறைவு. நானும் என் மனைவியும், டோபி முதலாளி ஒருமுறை. அந்த முப்பது நாற்பது பேரை நான் மனதுக்குள் திட்டினேன். பிறகு பழுதுபார்த்த அக்காவின் போனைத் திறந்து, யாருக்காவது சொல்லலாமென்று பார்த்தபோது, அதில் சேமித்திருந்தது பதினோரு பெயர்கள்தான். அவர் எண் எல்லோரிடமும் இருந்தது. அவர்கள் எண் இவரிடம் இல்லை. இவருக்கு ஒன்று ஆகிவிட்டால் யாரைக் கூப்பிடுவது என்று அவர்களில் யாரும் கேட்டு வைத்திருக்கவில்லை, நானும் கேட்டதில்லை. அந்தப் போனோ படுக்கையிலும் அடித்தது. ஒரு பாலர் பள்ளியிலிருந்து, பிள்ளைக்குக் காய்ச்சல், தாய் போனை எடுக்கவில்லை என்று. "ஆமா, நான்தான். சொல்லுங்க" என்றார் அக்கா, மூக்கில் குழாயோடு. தாய் வேலை செய்யும் கடையின் பெயரைச் சொல்லி, அங்கே அடித்துக் கூப்பிடச் சொன்னார்.

ஒரு மத்தியானம் சொல்லிவிடுவது என்று போனேன். போர்வையின் மடிப்பை அவர் விரலால் நீவிக்கொண்டிருந்தார். நான் "அக்கா, அன்னிக்கி அந்த போனு" என்று தொடங்கியதுமே அவர் குறுக்கிட்டார்.

"தெரியும் தம்பி."

"எப்போ?"

"அதுக்கு அடுத்த வாரம் மயக்க மருந்து டாக்டர பாக்கப் போனேன்ல, அப்பயே கவுன்டர்ல சொன்னாங்க. இந்த நம்பருக்கு அடிச்சோம், எடுக்கலன்னு."

"ஏன்க்கா என்கிட்ட சொல்லல?"

"கோவம் இருந்துச்சு. ஒரு வாரம் ஒன் கடப் பக்கம் திரும்பல. பசியாறவும் வரல." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "நீ கவனிக்கல."

உண்மை. நான் கவனிக்கவில்லை. உடம்பு சரியில்லாதவர், வீட்டில் சாப்பிட்டுவிட்டு வருகிறார் என்று நினைத்திருக்கிறேன், அல்லது நினைக்கவே இல்லை.

"வேற நம்பர் இருந்தா குடுங்க, மாத்திக்கலாம்னு அந்தப் பொண்ணு கேட்டுச்சு. யோசிச்சேன் தம்பி. பின்னாடி ஆளுங்க நிக்கிறாங்க, நான் யோசிச்சிக்கிட்டே நிக்கிறேன்." போர்வையை நீவுவதை நிறுத்தினார். "யாரும் வரல ஞாபகத்துக்கு. சரி, ஒன் நம்பரே இருக்கட்டும்னுட்டேன்."

மன்னித்துவிட்டேன் என்று அவர் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. தண்ணீர் வேண்டும் என்றார், கொடுத்தேன். ஸ்ட்ராவைப் பிடித்திருந்த என் விரல்மேல் அவர் விரல் பட்டது. சில்லென்று இருந்தது.

அதற்குப் பிறகு ஆறு வாரம் இருந்தார். கடைசியாக ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்தபோது காலை ஏழு மணி, நான் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். முதல் மணியிலேயே எடுத்தேன். இறுதிச் சடங்கு கிள்ளானில், அக்காவின் தம்பி வீட்டில் நடந்தது. அவர் கதறி அழுதார், அதையும் சொல்லத்தான் வேண்டும். கூட்டம் கலைந்ததும் என்னிடம் வந்து, "நீங்க அக்காவுக்கு என்னா வேணும்?" என்று கேட்டார்.

"போன் கடை" என்றேன்.

அக்காவின் பழைய போன் தனக்கு வேண்டாம் என்று அவர் சொல்லிவிட்டார். அந்த சிம்மை ஒரு ஸ்பேர் போனில் போட்டு என் மேசைமேல் வைத்திருக்கிறேன். என் கண்ணாடியில் அந்த அறிவிப்பு இன்னும் இருக்கிறது. பத்தில் ஒன்பது பேர் கள்ளப்பயல்கள்தான், அதில் நான் இப்போதும் மாறவில்லை. ஆனால் இந்தப் போன் அடித்தால் எடுக்கிறேன். கல்லூரி விடுதிக்கு ஒருமுறை போய் வந்தேன். பல் கிளினிக்கில் மறந்து வைத்த குடையை வாங்கி வந்தேன்.

போன வாரம் கடையைத் திறந்துகொண்டிருக்கும்போது அடித்தது. சைபர் மூன்று. ஷட்டரைப் பாதியில் விட்டுவிட்டு ஓடி எடுத்தேன்.

"ஆமா, நான்தான். சொல்லுங்க."

ஆஸ்பத்திரியின் ஸ்கேன் பிரிவிலிருந்து ஒரு பெண். அக்காவின் பெயரைச் சொன்னாள். அறுவைக்குப் பிறகு போட்ட ஸ்கேன் தேதி அடுத்த மாதம்தானாம், நாளைக்கே ஓர் இடம் காலியாகியிருக்கிறது, அழைத்து வர முடியுமா என்று கேட்டாள். அவள் வைத்திருந்த பட்டியலுக்கு இன்னும் செய்தி போகவில்லை.

"அவங்க தவறிட்டாங்கம்மா" என்றேன்.

"சாரி அங்கிள். தெரியாம அடிச்சிட்டேன்" என்றாள்.

"பரவால்லம்மா. அந்த எடத்த அடுத்தவங்களுக்குக் குடுத்துருங்க."

"அதான் அங்கிள், இப்ப அடிக்கணும். காலையிலேர்ந்து ரெண்டு பேருக்கு அடிச்சேன், ரெண்டு பேரும் எடுக்கல. ஒருத்தரு பிளாக்கே பண்ணிட்டாரு போல. நீங்களாச்சும் எடுத்தீங்களே."

"மறுபடியும் அடிச்சுப் பாரும்மா" என்றேன். "நாலு தடவ அடி. அஞ்சு தடவ அடி."

சரி அங்கிள் என்று வைத்துவிட்டாள். நான் பாதி திறந்த ஷட்டருக்குக் கீழே போனைக் கையில் பிடித்தபடி நின்றேன். இந்நேரம் எங்கேயோ, யாரோ ஒருவர் பையில் அது அடித்துக்கொண்டிருக்கும். எடு, எடு என்று சொல்லிக்கொண்டே நின்றேன்.